மூடி மாகாத்மியம்

அலுவலகத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு போகும் கலையைப் பற்றி, அதில் நெடுங்கால அப்பியாசம் உள்ளவன் என்ற முறையில், நாலு வார்த்தை உபயோகமாகச் சொல்லவேண்டும் என்பதுதான் என் உத்தேசம்; ஆனால் இன்று காலை சமையலறையில் நடந்த அமர்க்களத்தின் சூடு இன்னும் ஆறாமலிருப்பதால், மூடிகளைப் பற்றிய என் மனத்தாங்கலை முதலில் கொட்டிவிட்டு அப்புறம் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அலமாரியில் டப்பாக்களுக்கும் பஞ்சமில்லை, மூடிகளுக்கும் பஞ்சமில்லை; இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பத்துப் பொருத்தத்தில் ஒன்றுகூடத் தேறாத ஜாதகங்களாக அவை ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. இன்று அகப்பட்ட டப்பாவில் என் மாமனாரின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. அதன்மேல் ஏறக்குறைய உட்கார்ந்த மூடியிலோ ‘தி.கோ.ரா.’ என்ற எழுத்துகள். எங்கள் குலத்தில், இரு பக்கத்துச் சம்பந்திகளையும் சேர்த்துப் பார்த்தாலும், அந்த எழுத்துகளுக்கு உரியவர் எவரும் இல்லை. எந்தக் கலியாணப் பந்தியில் இடம் மாறி வந்ததோ, அந்த மகானுபாவர் இந்நேரம் எந்த ஊரில் மூடியற்ற டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைச் சபிக்கிறாரோ, யார் கண்டது?

மூடிகளில் ஜாதி பல. திருகு மூடி என்று ஒன்று. கோணலாகப் புரியேறிவிட்டு, இறுகிவிட்டதாகப் பாவனை காட்டி, பையைச் சாய்த்த மாத்திரத்தில் தன் சுயரூபத்தைக் காட்டும். கொக்கி மூடி என்று மற்றொன்று. நாலு கொக்கியில் மூன்று மாட்டும், நாலாவதை மாட்டினால் முதலாவது கழன்றுகொள்ளும். இவற்றுக்கெல்லாம் மேலான ஸ்தானம், பழைய எவர்சில்வர் அழுத்து மூடிக்கே உரியது. சுடச்சுட அடைத்த சாதத்தின் ஆவி, உள்ளேயிருந்த காற்றைத் துரத்திவிட்டு, ஆறியபின் தானும் நீர்த்துளியாகச் சுருங்கிப்போவதால், வெளிக்காற்று முழுவதும் திரண்டுவந்து அந்த மூடியின் தலைமேல் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு மணிக்குப் பசியோடு திறக்க முயன்றால் அது அசையாது. மேஜை விளிம்பில் தட்டுவோம். கரண்டிக் காம்பை நுழைத்து நெம்புவோம். கணக்குப் பிரிவிலிருந்து தேகப்பயிற்சி செய்யும் பிள்ளையாண்டானை வரவழைப்போம். அவனும் முகம் சிவந்து, கைக்குட்டையைப் போட்டுப் பிடித்து, கடைசியில் ‘டப்’பென்று அது திறந்துகொள்ளும்போது, பாதி எலுமிச்சஞ்சாதம் பக்கத்து மேஜைக் கோப்புகளின்மேல் அட்சதையாக விழும். தொளதொளத்த மூடியோ இதற்கு நேர் விரோதம்: அலுவலகத்தில் திறக்கவேண்டிய சிரமமே வைக்காமல் ரயிலிலேயே திறந்துவிடும். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாள் முதல் அந்தப் பெட்டிகளின் தரையில் வழிந்த சாம்பாரை யாராவது சேகரித்திருந்தால், செம்பரம்பாக்கம் ஏரிக்கு மழை வேண்டியிருக்காது.

இந்த நிலையில்தான், ஆறு மாதம் ஓசாகாவில் இருந்துவிட்டு வந்த எங்கள் பிரிவு இளைஞர் ஒருவர், ஜப்பானியரின் ‘பெந்தோ’வைப் பற்றி மத்தியானந்தோறும் உபந்யாசம் செய்யத் தலைப்பட்டிருக்கிறார். “சார், அவங்க சாதத்தை நல்லா ஆறவிட்டுத்தான் மூடுவாங்க. நடுவிலே ஒரு சிவப்பு உமேபோஷி ஊறுகாய், பக்கத்திலே சுருட்டின முட்டை, இடைவெளியிலே பிராக்கோலி. தூக்கிப் போட்டாலும் எதுவும் நகராது” என்கிறார். நகராத பதார்த்தத்தை நகராமல் அடைப்பதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. முருங்கைக்காய்ச் சாம்பாருக்கு இடைவெளி என்பதே கிடையாது. எந்த இடைவெளியையும் தானே போய் நிரப்பிக்கொள்வது அதன் தர்மம். சாதத்தை ஆறவிட வேண்டுமாம்! எட்டரை வண்டி ஆறவிடுமா?

1885-ல் உத்சுனோமியா ரயில் நிலையத்தில் முதன்முதலாக விற்ற சோற்றுப் பொட்டலத்தைப் பற்றியும் அவரே பக்திசிரத்தையோடு சொன்னார்: உமேபோஷி வைத்த இரண்டு சோற்று உருண்டைகளும் முள்ளங்கி ஊறுகாயும் மூங்கில் மட்டையில் சுற்றித் தரப்பட்டனவாம். அதில் மூடியே இல்லை என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. வாழையிலையில் புளிச்சாதத்தைக் கட்டிக்கொண்டு யாத்திரை போன நம் பாட்டன்மாருக்கும் மூடி இல்லை. புளியும் நல்லெண்ணெயும் இரண்டு நாள் அதைக் கெடாமல் காத்தன. டப்பா என்ற நாகரிகம் வந்தபிறகுதான் இத்தனை சங்கடமும்.

சொல்ல வந்த விஷயம், தயிர்சாதத்தைக் காலையில் பிசையும்போது பாலைத் தாராளமாகவும் தயிரைக் கரண்டி நுனியளவும் விட்டால், மத்தியானத்துக்குள் புளிக்காமல் பதமாக உறைந்திருக்கும் என்பது. ஆனால் அதைச் சிந்தாமல் கொண்டுபோக மூடி வேண்டுமே.

இன்று தி.கோ.ரா.வை நம்பாமல், டப்பாவின்மேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, துணியொன்றால் நாலு முனையையும் இழுத்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள் என் மனைவி. அதை மேஜைமேல் வைத்ததும் இளைஞர் பரவசமாகி, “சார், ஃபுரோஷிகி! ஜப்பான்லே இப்படித்தான் துணியிலே கட்டுவாங்க!” என்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார். அது என் எட்டுமுழ வேட்டியின் கிழிந்த பாதி என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை.