இரண்டு விநாடி மறுஆய்வு

தொலைபேசியை ஒட்டுக்கேட்பது நம் நாட்டில் சும்மா நடப்பதில்லை. சட்டம் இருக்கிறது, விதி இருக்கிறது, உள்துறைச் செயலாளரின் கையெழுத்து இருக்கிறது. 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால், அந்தக் கையெழுத்து சரிதானா என்று பார்க்க ஒரு மறுஆய்வுக் குழுவும் வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும்.

2018இல் தரவுப் பாதுகாப்பு பற்றி ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தன் அறிக்கையில் ஒரு கணக்கைச் சொல்லிவைத்தது: ஒவ்வொரு கூட்டத்திலும் மறுஆய்வுக்கு வருபவை 15,000 முதல் 18,000 உத்தரவுகள். டீ, பிஸ்கட், முந்திரிக்கெல்லாம் இடைவேளை விடாமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஓர் உத்தரவுக்கு இரண்டு விநாடி தேறாது. ஃபைலின் நாடாவை அவிழ்க்கவே அதற்கு மேல் ஆகும். அவிழ்க்காமலே படிக்கும் வித்தை தெரிந்தவர்கள் போலும்.

குறை சொல்லக் கூடாது. ஒரு வில்லங்கச் சான்றுக்கு நாம் காத்துக்கிடக்கும் நேரத்தை நினைத்தால், இந்த வேகத்தைக் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பரில், எந்தக் கணினியையும் கண்காணிக்கலாம் என்று பத்து அமைப்புகளைப் பட்டியலிட்டு உள்துறை ஆணை போட்டது. பதறாதீர்கள், எல்லாம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2009 விதிப்படிதான், புதிதாக ஒன்றுமில்லை என்று விளக்கமும் வந்தது. அப்பாடா, ஒன்பது வருஷமாகவே அனுமதி இருக்கிறதாம்!

ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குத் தகவல் சொல்லும் வழக்கம் கிடையாது. மறுஆய்வுக் குழுவில் அமைச்சரவைச் செயலாளர் இருக்கிறார், சட்டச் செயலாளர் இருக்கிறார். நீதிபதி ஒருவர்கூட இல்லை.