ஜன்னலைச் சாத்திவிட்டு வெயில் வாங்குபவர்

புதுச்சேரியில் பூச்சி தின்னும் செடி வளர்ப்பவரின் வீட்டை ராத்திரியில் கண்டுபிடிப்பது சுலபம். லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ ஒரு மாடி ஜன்னலில் கத்தரிப்பூ நிற வெளிச்சம் வழிந்தால், உள்ளே இருப்பவர் அவர்தான். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர், “மாடியில பார் ஏதாவது தொறந்திருக்கீங்களா சார்?” என்று விசாரிப்பதுண்டு. ஊர் அப்படி, கேட்டதில் தப்பில்லை.

நிறத்துக்குக் காரணம் இருக்கிறது. இலைகள் சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சும் என்பதால், 660, 450 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை மட்டும் தரும் எல்.இ.டி. விளக்குகள் சந்தைக்கு வந்தன. வெள்ளை எல்.இ.டி.யும் அதே வேலையைச் செய்யும், செடியின் உண்மையான நிறமும் கண்ணுக்குத் தெரியும் என்பது இரண்டாவது விளக்கு வாங்கும்போதுதான் இவருக்குத் தெரியவரும். பெட்டிமேல் 1000 வாட் என்று போட்டிருந்த முதல் விளக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இழுக்கவில்லை என்பதும் அப்போதுதான். வெயில் காய்ச்சும் கடற்கரை ஊரில் இதெல்லாம் எதற்கு என்று அவரைக் கேட்டுப் பயனில்லை. மே மாத மொட்டைமாடி மேகாலயத்துக் குடுவைச் செடியைக் கருவாடாக்கிவிடும். அறைக்குள் கொண்டுவந்தால் வெளிச்சம் பற்றாது. ஆகவே செடிக்கு ஒரு சாண் மேலே 30 வாட் விளக்கு, தினம் 14 மணி நேரம். மாதம் சுமார் 13 யூனிட். இந்தக் கணக்கை மட்டும் வீட்டில் யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

அவருடைய முழுத்திறமையும் வெளிப்படுவது டைமரில்தான். முதலில் வாங்குவது பிளக்கில் செருகும் வட்டு டைமர். விளிம்பில் கால் மணிக்கு ஒன்றாக 96 பற்கள். 14 மணி நேரத்துக்கு 56 பற்களை நகத்தால் அமுக்க வேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனால் செடிகளுக்குப் பட்டப்பகலில் கால் மணி நேரக் கிரகணம். கரண்ட் போனால் வட்டும் நின்றுவிடும். மறுபடி வரும்போது விட்ட இடத்திலிருந்தே சுற்றும். கோடையில் மொத்தம் மூன்றரை மணி நேரம் மின்தடை ஏற்பட்டால் செடிகள் சரியாகப் பாரிஸ் நேரத்துக்கு மாறிவிடும்; பிரெஞ்சுக் குடியுரிமைக்கு மனுப் போடாததுதான் பாக்கி. அடுத்து வாங்கும் டிஜிட்டல் டைமர், உள்ளே பேட்டரி இருப்பதால் நேரம் தவறாது. காலை ஆறுக்குப் பதில் மாலை ஆறு என்று பதிந்துவிட்டால் அதையும் தவறாமல் செய்யும்.

தண்ணீர் விஷயத்தில் இன்னும் கறார். சத்தில்லாத சதுப்பில் வளரும் இனங்கள் இவை, உப்பு ஆகாது. டி.டி.எஸ். 50-க்குள் இருந்தால் நல்லது. மழைத்தண்ணீருக்காக ஐப்பசி வரை காத்திருக்க முடியாது என்பதால் ஏசியிலிருந்து சொட்டுவதை வாளியில் பிடிக்கிறார். சட்டைப்பையில் மீட்டர் எப்போதும் இருக்கும். சம்பந்தி வீட்டில் குடிக்கக் கொடுத்த தம்ளரில் அதை முக்கி, “முன்னூத்தி எண்பது” என்று சபையில் அறிவிக்கும் தைரியமும் உண்டு.

குளிர்காலம்தான் குடும்பத்துக்குச் சோதனை. அவர் வளர்க்கும் பொறிச்செடியான டயோனியா அமெரிக்காவின் கரோலினாப் பகுதியைச் சேர்ந்தது. வருடத்தில் மூன்று நான்கு மாதம் குளிரில் உறங்கினால்தான் நீடித்து வாழும். புதுச்சேரி மார்கழி அதற்குப் போதாது. எனவே பாசியில் சுற்றிய கிழங்குகள் ஃபிரிட்ஜுக்குள், இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் குடியேறுகின்றன. “என்னங்க, கொத்தமல்லின்னு நெனச்சு ரசத்துல போட்டுட்டா என்னக் கேக்கக் கூடாது” என்று அம்மணி முன்னறிவிப்புக் கொடுத்துவிடுவார்.

விருந்தாளிகளை அவருக்குப் பிடிக்கும். அவர்கள் கையிலிருக்கும் ஈர்க்குச்சியைப் பிடிக்காது. டயோனியா இலைக்குள் இருக்கும் உணர்மயிர்களை இருபது விநாடிக்குள் இரண்டு முறை தொட்டால் பொறி நொடியில் மூடிக்கொள்ளும். சும்மா மூடித் திறப்பதும் செடிக்கு நஷ்டம்; சில முறைக்குப் பின் அந்த இலை வேலை செய்யாது. டார்வின் 1875-இல் வெளியிட்ட புத்தகத்துக்காக எத்தனையோ முறை சீண்டிப் பார்த்தார் என்று யாராவது எடுத்துக்காட்டினால், “அவர் டார்வின்” என்பதோடு பேச்சு முடியும்.

எல்லாரும் கடைசியில் கேட்பது, “கொசு பிடிக்குமா?” பிடிக்கும், எப்போதாவது ஒன்று. இந்தச் செடிகளுக்கு உணவைத் தருவது வெளிச்சம். பூச்சி நைட்ரஜனுக்கான துணைச்சத்து மட்டுமே. கொசுத்தொல்லைக்காக இதை வாங்க நினைப்பவர்கள் அந்தக் காசில் நல்ல கொசுவலையாக வாங்கிக்கொள்ளலாம். டைமர் வைக்கத் தேவையில்லை.