வஹாக்காவில் வேன் ஏறுதல்: வகை, விதி, புறனடை

பாயிரம்

மெக்ஸிகோவின் தெற்கே வஹாக்கா என்றொரு மாநிலம். அதன் தலைநகருக்கும் அதே பெயர். நகரின் நடுச் சதுக்கத்தைச் சுற்றி நடந்தால் பத்தடிக்கு ஒரு பலகை வழிமறிக்கும். எல்லாப் பலகையிலும் ஒரே சரக்குதான்: இடிபாடு, இயற்கை, கைவினைக் கிராமம், மூன்றும் ஒரே நாளில். இடிபாடுகளைப் பற்றித் தொல்லியலார் அலமாரி அலமாரியாக எழுதிவிட்டார்கள். இயற்கையைப் புவியியலார் கவனித்துக்கொண்டார்கள். கைவினைக்கு மானிடவியலார் இருக்கிறார்கள். இம்மூன்றுக்கும் எந்த வேனில் ஏறிப் போவது என்ற மூலப் பிரச்சினை மட்டும் ஆய்வுலகின் திண்ணையிலேயே காத்துக் கிடக்கிறது. அதை உள்ளே அழைத்து உட்கார வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரபுப்படி பாயிரத்துக்கு உரியவற்றைச் சொல்லிவிடுவோம். எல்லை: வடமேற்கே எத்லா, கிழக்கே மித்லா, தெற்கே ஒகொத்லான். கேட்போர்: விடுப்பில் ஒரே ஒரு நாள் மிச்சம் இருப்போர். பயன்: மாலையில் அறைக்குத் திரும்பியதும் "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வாக்கியம் எழாமை.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில், மூன்று பள்ளத்தாக்குகள் கூடும் இடத்தில் நகரம் இருக்கிறது. கூடுமிடத்துக் குன்றின் தலையைச் சமன்படுத்தி, கி.மு. 500 வாக்கில் சபோதெக் மக்கள் மொந்தே அல்பானைக் கட்டத் தொடங்கினார்கள். அங்கிருந்து பார்த்தால் மூன்று பள்ளத்தாக்கும் தெரியும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்ப்பதற்கு உள்ள ஒரே வழியை அவர்கள் 2,500 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்: உயரமான ஓரிடத்தில் போய் நின்றுகொள்வது.

இந்த நில அமைப்பிலிருந்தே சுற்றுலாக்களின் வகைப்பாடு பிறக்கிறது. கிழக்கு வகையில் தூலே மரம், நெசவுக்குத் தெயோதித்லான், இடிபாட்டுக்கு மித்லா, கல்லாய் உறைந்த அருவிக்கு இயெர்வே எல் அக்வா, நடுவில் மெஸ்கால் சாராயம். தெற்கு வகையில் கரும்பானைக்குச் சான் பார்தோலோ கோயோதெபெக், வண்ண மரவிலங்குகளுக்குச் சான் மார்தின் தில்காஹெதே, சந்தைக்கு ஒகொத்லான். மேற்கு வகையில் மொந்தே அல்பான், அர்ரசோலா, கட்டி முடிக்காமல் விட்ட குயிலாபான் மடம். மொந்தே அல்பானின் 7ஆம் கல்லறையில் 1932இல் அல்போன்சோ காசோ கண்டெடுத்த தங்கத்துக்காக மூன்றாம் வகையில் ஏறுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தங்கம் குன்றின் மேல் இல்லை. நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு வேன் தேவையில்லை, செருப்பு போதும்.

இனிப் பொழுது. பெரும்பொழுது, சிறுபொழுது என்ற பழைய பகுப்பு இங்கே செல்லாது, கிழமையே பொழுது. எத்லாவில் புதன் சந்தை, சாச்சிலாவில் வியாழன், ஒகொத்லானில் வெள்ளி, கிழக்கே த்லாகொலூலாவில் ஞாயிறு. தெற்கு வகைச் சுற்றுலாவை வெள்ளியன்று எடுத்தவருக்கு மிளகாய் மூட்டையும் வான்கோழியும் காய்கறியும் மண்பானையும் நிறைந்த ஒகொத்லான் கிடைக்கும். அதே காசுக்குச் செவ்வாயன்று எடுத்தவருக்கு அமைதியான ஓர் ஊர் கிடைக்கும். பலகையில் இரண்டுக்கும் ஒரே படம்தான்.

கருப்பொருள்

வேன், அதில் பதினாறு பேர், வழிகாட்டி, பஃபே, கழிப்பறைக்குச் சில்லறை ஆகியவை கருப்பொருள். இவற்றுள் ஆய்வுக்கு உகந்தவர் வழிகாட்டி. வேனில் பெரும்பாலும் ஸ்பானியம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கலந்திருப்பார்கள். எனவே எதையும் இருமுறை சொல்வார். ஸ்பானியத்தில் ஐந்து நிமிடம் பேசுவார், பாதி வேன் சிரிக்கும். பிறகு ஆங்கிலத்தில் ஒரு நிமிடம் பேசுவார், மீதி வேன் தலையாட்டும். விடுபட்ட நான்கு நிமிடத்தில் என்ன இருந்தது என்பது வஹாக்கா ஆய்வுகளில் இன்னும் தீராத புதிர்களுள் ஒன்று. ஒரே மொழியில் நடக்கும் சுற்றுலாவுக்குக் காசு சற்றுக் கூட. நகைச்சுவை முழுதாக வந்து சேரும்.

தூலே மரத்தையும் கருப்பொருளில் அடக்கலாம். அதன் அடிமரச் சுற்றளவு சுமார் 42 மீட்டர். உலகிலேயே பருத்த அடிமரம் என்று பெயர் பெற்றது. பல மரங்கள் ஒட்டி வளர்ந்ததோ என்ற பழைய ஐயத்தை மரபணுச் சோதனை தீர்த்து, ஒரே மரம்தான் என்று நிறுவியது. ஒருவர் கை விரித்தால் 1.6 மீட்டர் என்று கொண்டால், மரத்தைக் கட்டிப்பிடிக்க இருபத்தாறு, இருபத்தேழு பேர் வேண்டும். வேனில் பதினாறு பேரே உள்ளதால் அடுத்த வேன் வரும்வரை காத்திருக்க வேண்டும். வேலி போட்டிருப்பதால் வந்தும் பயனில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் கண்ணாடித் துண்டில் வெயிலை வாங்கி மரத்தின் முண்டுமுடிச்சில் அடித்து, "அதோ யானை, அதோ சிங்கம்" என்று காட்டுவார்கள். மொத்தச் சுற்றுலாவிலும் சுருக்கமான, தெளிவான வழிகாட்டல் இதுவே.

உரிப்பொருள்

பலகைகளைப் படிப்போர் இச்சுற்றுலாக்களின் உரிப்பொருள் காண்டல் என்று மயங்குவர். அன்று. வாங்கலும் வாங்கல் நிமித்தமுமே உரிப்பொருள். சான்றுக்குத் தெயோதித்லானில் ஒரு முற்றத்தை எடுத்துக்கொள்வோம்.

தாழ்வாரத்தில் பெரிய மிதிதறி. ஸ்பானியர்கள் வந்தபோது ஆட்டுக் கம்பளியோடு சேர்ந்து வந்த தறி அது. அதற்கு முன் இடுப்பில் கட்டி நெய்யும் சிறு தறிதான். கூடைகளில் சாயமேற்றிய நூல்: நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்குப் பெரிக்கோன் என்ற பூச்செடி. வீட்டம்மா ஒரு தட்டிலிருந்து சாம்பல் பூத்த மிளகு அளவுப் பொருள் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நசுக்குகிறார். கை ரத்தச் சிவப்பாகிறது. எலுமிச்சம்பழம் பிழிகிறார், சிவப்பு ஆரஞ்சாகிறது. சுண்ணாம்பு தொடுகிறார், கத்தரிப்பூ நிறமாகிறது. பதினாறு கைபேசிகளும் அந்த ஒரே கையைப் படமெடுக்கின்றன. அது கொச்சினீல், நொபால் கள்ளியில் ஒட்டி வாழும் பூச்சி. ஒரு கிலோ காய்ந்த பூச்சிக்குச் சுமார் ஒன்றரை லட்சம் உயிர் வேண்டும். காலனி ஆட்சிக் காலத்தில் இந்நாட்டிலிருந்து போன ஏற்றுமதியில் வெள்ளிக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

இங்கே சென்னைக்காரர் எவரேனும் வேனில் இருந்தால் மற்றவர்களைவிட ஒரு நிமிடம் கூடுதலாக நிற்கக் கடமைப்பட்டவர். 1780களில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், ஸ்பெயினின் இந்த ஏகபோகத்தை உடைக்கச் சைதாப்பேட்டையில் நொபால் கள்ளித் தோட்டம் போட்டார். கள்ளி வந்தது, பூச்சி வர வேண்டியிருந்தது. 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த பூச்சி வேறு இனம். சாயம் தேறவில்லை. பூச்சி பாட்டுக்குக் காட்டுக் கள்ளியைத் தின்று தீர்த்தது. களையைப் பூச்சி கொண்டு அழித்த முதல் நிகழ்வு என்று பயிரியல் நூல்களில் இடம் பிடித்தது. சைதாப்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்குவோருக்கு இது தெரியாமல் இருப்பதும், தெயோதித்லான் முற்றத்தில் தெரியவருவதும் சுற்றுலாவின் அரிய பயன்களுள் ஒன்று.

நசுக்கல் முடிந்ததும் விரிப்பு தொடங்கும். ஒரு கம்பளத்தின் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. நெய்வதற்கு வாரக்கணக்காகும் பொருள் தரையில் விழ அரை விநாடி. பார்ப்போர் முகத்தில் அப்போது தோன்றும் மெய்ப்பாடு ஒன்பதாவதாக வைத்து எண்ணத்தக்கது: வாங்கவும் மனமின்றி, வாங்காமல் நகரவும் முகமின்றி, கம்பளத்தின் ஓரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தல்.

கணக்கியல்

கிழக்கு வகைக்கு நடுத்தரமான ஒரு கணக்குப் போடுவோம். காலை 9 மணிக்குக் கிளம்பி இரவு 7 மணிக்குத் திரும்பினால் 600 நிமிடம். சாலைக்கு 210. இயெர்வே எல் அக்வாவுக்கு 90. அங்கே மேலுள்ள குளத்தில் குளிக்கலாம், அல்லது கீழே இறங்கி, சுண்ணாம்புச் சத்துள்ள நீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வழிந்து உறைந்த கல்லருவியை அண்ணாந்து பார்க்கலாம். இரண்டும் செய்தவர் வேனைத் துரத்துவார். கம்பளத்துக்கு 60, பஃபேக்கு 60, மெஸ்காலுக்கு 45, மரத்துக்கு 25. தலை எண்ணல், கழிப்பறை, "அந்த அக்கா இன்னும் வரலையே" ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 60. மிச்சம் 50. அந்த 50 நிமிடம்தான் மித்லா.

மித்லா எப்படிப்பட்ட இடம் என்று பார்த்தால்தான் இந்த 50இன் கனம் புரியும். மொந்தே அல்பானுக்கு அடுத்தபடியாக இம்மாநிலத்தின் முதன்மையான தொல்லிடம் அது. சுவர் நெடுகச் சின்னச் சின்னதாகச் செதுக்கிய கல்துண்டுகளைச் சாந்தே இல்லாமல் பொருத்தி, படிப்படியாகவும் சுழல் சுழலாகவும் கோலம் அமைத்திருக்கிறார்கள். ஒரு பட்டையின் வடிவம் அடுத்த பட்டையில் மாறும். ஒரு சுவரில் எத்தனை வகை என்று எண்ணத் தொடங்கினாலே ஐம்பது நிமிடம் ஓடிவிடும். ஒற்றைக்கல் தூண்கள் ஆறு நிற்கும் மண்டபம் ஒன்று. பழைய கட்டடத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்த 16ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று. கல்லறையில் ஒரு தூண் உண்டு. அதைக் கட்டிக்கொண்டால், எட்டாமல் போன இரு கைகளுக்கும் இடையே உள்ள தூரம் மிச்ச ஆயுளைச் சொல்லும் என்பது நம்பிக்கை. வேன் பயணிக்கு அந்தச் சோதனை தேவையில்லை. மிச்சம் எவ்வளவு என்று வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

கணக்கில் வராத இடங்களும் உண்டு. போகிற வழியில் யாகுல், மித்லா பகுதிக் குகைகள் இருக்கின்றன. 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. அவற்றுள் கிலா நாகித்ஸ் என்ற குகையில் கிடைத்த பூசணி விதைக்குச் சுமார் 10,000 வயது. இக்கண்டத்தில் மனிதன் பயிரிடத் தொடங்கியதற்கான மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. வேன் அப்பகுதியை மூன்றாம் கியரிலிருந்து நான்காம் கியருக்கு மாறியபடி கடக்கிறது. பஃபேயில் பூசணி உண்டு.

கடாவும் விடையும்

"நிறைய இடம் பார்த்தால்தானே கொடுத்த காசுக்கு மதிப்பு?" என்பாரும் உளர். முகூர்த்த நாளில் நாலு கல்யாணத்துக்குப் போகிறவர் நாலு இடத்திலும் மொய் வைத்திருப்பார், போட்டோவிலும் இருப்பார். இலையில் உட்கார்ந்தது எங்கே என்று கேட்டால்தான் விழிப்பார். பெயர்ப் பட்டியலின் நீளம் மொய்ப் பட்டியலின் நீளம் என்று கொள்க.

"கைவினைக் கிராமம் என்பது கடைதானே?" என்பது இரண்டாம் கடா. கடைதான். ஆனால் தறி மெய், நெய்கிறவர் மெய், கையில் ஏறிய சிவப்பும் மெய். கோயோதெபெக்கில் குயவர் சக்கரம் இல்லாமல் ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் இன்னொரு தட்டை வைத்துச் சுழற்றிப் பானை எழுப்புவதை நேரில் பார்த்தவர் இதைக் கேட்க மாட்டார். சுடுமுன் கல்லால் தேய்த்து மெருகேற்றும் முறையைப் பரப்பியவர் இவ்வூர்க் குயவர் தோன்யா ரோசா. மினுங்கும் கரும்பானை அழகுக்கு. தண்ணீர் ஊற்றினால் கசியும். இதை விற்பவரே சொன்னால் அது நல்ல கடை.

விதிகள்

1. ஒரு நாளுக்கு ஒரு பள்ளத்தாக்கு. இரண்டு பள்ளத்தாக்கின் பெயர் ஒரே பலகையில் இருந்தால் அது சுற்றுலா அன்று, போக்குவரத்து.

2. கிழமை பார்த்தே வகை தேர்க. வெள்ளிக்குத் தெற்கு, ஞாயிற்றுக்குக் கிழக்கு.

3. எது முதலில் என்று கேட்க. மித்லாவும் மொந்தே அல்பானும் காலையில் வந்தால் வெயிலும் கூட்டமும் குறைவு. கடைசியில் வந்தால் வாயில் அடைக்கும் நேரம்.

4. மெஸ்காலுக்குப் பிறகு கம்பளம் வருமாயின் பணப்பையை உடன் வருவோரிடம் ஒப்படைக்க. அவரும் குடித்திருந்தால் ஓட்டுநரிடம்.

5. நுழைவுக் கட்டணமும் சாப்பாடும் விலையில் சேர்ந்ததா என்று கேட்க. விலை குறைவாக இருப்பின் சேராதது என்றே கொள்க.

புறனடை

கிராமத்தாரிடையே தகராறு வந்து இயெர்வே எல் அக்வா மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததுண்டு. அப்போது பலகையில் உள்ள படமே காட்சி. பகிர்வு டாக்சியில் தாமே போவோருக்கு மேற்கண்ட விதிகள் பொருந்தா. அவர்களுக்கு வேறு இலக்கணம் உண்டு, அது காத்திருத்தலைப் பற்றியது.

எல்லா விதியும் மறந்துபோனால் ஒரே கேள்வி போதும். பலகைக்காரரிடம் போய் "மித்லாவில் எத்தனை நிமிஷம்?" என்று கேட்க. பதில் நிமிஷக் கணக்கில் வந்தால், அது ஐம்பதே ஆயினும், பணத்தைக் கொடுக்கலாம். அவருக்குத் தம் வண்டியைத் தெரிந்திருக்கிறது. "கவலையே வேண்டாம், நிறைய நேரம் இருக்கு" என்று வந்தால் பக்கத்துப் பலகைக்கு நகர்க. பக்கத்துப் பலகைக்காரர் விற்பதும் அதே வேனின் இன்னொரு இருக்கையாக இருக்கக்கூடும் என்பது தனி ஆய்வுக்கு உரியது.