மேக்ஸிமம் வந்துரும்: சாத்தூர் வட்டார நம்பிக்கை இடைச்சொற்கள்

ஆங்கிலத்திலிருந்து தமிழ்ப் பேச்சுக்குள் வந்த சொற்களுள் பஸ், சுவிட்ச், குக்கர் முதலான பொருட்பெயர்களுக்குக் கிடைத்த கவனம், நாளை நடக்கப்போவது நல்லபடியாகவே நடக்கும் என்று எதிராளியைத் தேற்றப் பயன்படும் 'மேக்ஸிமம்', 'கன்ஃபார்ம்', 'சான்ஸ்', 'ஷ்யூர்', 'பாசிட்டிவ்' ஆகியவற்றுக்குக் கிடைக்கவில்லை. இவை தனித்து நின்று பயன் தராமல் ஒரு வினைமுற்றை ஒட்டி நின்று, சொல்பவர் தலையில் விழ இருக்கும் பொறுப்பைத் தணிப்பதால், 'நம்பிக்கை இடைச்சொற்கள்' என்று இங்கே பெயரிடப்படுகின்றன. ஆய்வுக்களமாக வைப்பாற்றங்கரைச் சாத்தூர் தேர்ந்துகொள்ளப்பட்டதற்குக் காரணம் உண்டு. ஊரைச் சுற்றியுள்ள கரிசல் மானாவாரி மழையையும், தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வெயிலையும், மூன்றுமே வெளியூர் வியாபாரியின் பணத்தையும் எதிர்பார்த்து நடப்பவையாதலால், எதிர்காலத்தைப் பற்றிப் பேசாமல் இவ்வட்டாரத்தில் ஒரு பொழுதைக் கழிப்பது கடினம்.

முதலில் 'மேக்ஸிமம்'. இச்சொல்லுக்கு அதன் பிறந்த வீட்டில் 'மேல் வரம்பு' என்பதே பொருள். புகுந்த வீட்டில் அது 'ஏறத்தாழ நிச்சயம், ஆனால் சத்தியம் இல்லை' என்று மாறிவிட்டது. 'வியாழக்கிழமை லோடு ஏறிரும் அண்ணாச்சி' என்று ஒருவர் சொன்னால் அது வாக்கு. வியாழன் கழிந்தும் சரக்குப் பெட்டிகள் குடோனிலேயே இருந்தால் அவர் சொன்ன சொல் தவறியவர் ஆவார். 'மேக்ஸிமம் வியாழக்கிழமை லோடு ஏறிரும் அண்ணாச்சி' என்று சொன்னாலோ, வெள்ளிக்கிழமை லோடு ஏறுவது குற்றத்தில் சேராது. சனிக்கிழமையானால் டிரைவருக்குக் காய்ச்சல் என்பது போன்ற சிறு விளக்கம் போதும். திங்கட்கிழமையைத் தாண்டினால் பழைய மேக்ஸிமம் காலாவதியாகி, புதிய மேக்ஸிமம் ஒன்று வெளியிடப்படும். கேட்டவரும் இதை அறிந்தே கேட்கிறார் என்பதால் இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

இதிலிருந்து ஒரு விதி பெறப்படுகிறது: நம்பிக்கை இடைச்சொல் எவ்வளவுக்கு எவ்வளவு வலியதோ, அது தழுவும் வினை நிகழ்வதற்கான வாய்ப்பு அவ்வளவுக்கு அவ்வளவு குறைவு. 'கன்ஃபார்மா பொழுது விடியும்' என்று யாரும் சொல்வதில்லை. சேவுக் கடையில் 'இன்னைக்குப் போட்டதா?' என்று கேட்டால், கடைக்காரர் தகரத்துக்குள் கையை விட்டு ஒரு கொத்து காராச்சேவை எடுத்து வாடிக்கையாளர் உள்ளங்கையில் வைத்துவிடுகிறார். சேவு நொறுங்கும் ஓசைக்கு முன்னால் இடைச்சொல்லுக்கு வேலை இல்லை. தீபாவளிக்கு முன்பே கடனாகப் போன சரக்குக்கான பாக்கியைப் பற்றிப் பேசும்போதுதான் 'கன்ஃபார்மா, ஷ்யூரா, இந்த மாசம் பேமெண்ட் வந்துரும்' என்று இரண்டும் அடுக்கி வருகின்றன. அடுக்குத்தொடர் அச்சத்திலும் விரைவிலும் வரும் என்பர் இலக்கணிகள். வராத செக்கைப் பற்றிப் பேசும்போதும் வரும் என்று இனிச் சேர்த்துக்கொள்ளலாம்.

'கன்ஃபார்ம்' இவ்வட்டாரத்தில் வேர்விட்டதில் ரயில்வேக்குப் பெரும் பங்கு இருக்க வேண்டும். பயணச்சீட்டில் 'ஆர்.ஏ.சி.' என்று இருந்தால், பிறர் ஒருவர் தம் பயணத்தை ரத்து செய்யும் வரை பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இன்னொருவருடன் பகிர்ந்து உட்கார்ந்துகொண்டு வரலாம் என்று பொருள். ஒருவருடைய நம்பிக்கை, முகம் தெரியாத இன்னொருவருடைய பயணம் நின்றுபோவதைச் சார்ந்திருப்பதை இத்தனை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அச்சிட்டுக் கொடுக்கும் துறை வேறில்லை. 'வெயிட்டிங் லிஸ்ட்' என்பது இதற்கும் ஒரு படி கீழே. அதை வைத்திருப்பவரிடம் 'சார்ட் போடறதுக்குள்ள கிளியர் ஆயிரும்' என்று ஆறுதல் சொல்வது, சொல்பவர் சென்னைக்குப் போகவில்லை என்பதையே காட்டும்.

'சான்ஸ்' என்ற சொல்லின் கதை இன்னும் சிக்கலானது. புரட்டாசியில் சாத்தூர் டீக்கடை ஒன்றில் 'இன்னைக்கு மழைக்குச் சான்ஸ் இருக்கு' என்று ஒருவர் சொன்னால், பருத்தியோ மக்காச்சோளமோ விதைக்கக் காத்திருக்கும் சம்சாரிக்கு அது நற்செய்தி. பக்கத்துப் பெஞ்சில் இருக்கும் பட்டாசு ஆலைப் போர்மேனுக்கு அது துர்ச்செய்தி. தீபாவளிக்கு நாள் நெருங்க நெருங்க, திறந்த மேடைகளில் காய்ந்துகொண்டிருக்கும் மணி மருந்தும் திரியும் நனைந்தால், பண்டம் நமுத்துப்போகும், வேலையும் நிற்கும். வறண்ட வானிலைதான் இத்தொழிலை இங்கே நிலைக்கவிட்டது. அதே வறட்சிதான் விவசாயியை வானம் பார்க்க வைத்தது. கணவர் மானாவாரிக்காரர், மனைவி பட்டாசு ஆலையில் தினக்கூலி என்று அமைந்த வீடுகளில், ஒரே கூரையின் கீழ் அச்சொல்லுக்கு இரு பொருள்கள் குடும்பம் நடத்துகின்றன.

'பாசிட்டிவ்' பற்றி நீட்டத் தேவையில்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்துப் பச்சைப் பட்டாசை மட்டும் அனுமதித்ததற்குப் பிறகு, வழக்கின் ஒவ்வொரு விசாரணைக்கு முந்திய நாளும் 'பாசிட்டிவா வரும்' என்பது தொழில் வட்டாரத்தின் வாய்ச்சொல் ஆனது. 2020இல் கொரோனாப் பரிசோதனை முடிவுகள் அச்சொல்லைச் சில காலம் யாரும் வாயெடுத்துச் சொல்ல அஞ்சும்படி செய்தன.

வியப்புக்குரியது, 'ஹோப்' என்ற மூலச்சொல் உடன்பாட்டில் வழங்குவதே அரிது என்பது. 'ஹோப்பே இல்ல' என்று எதிர்மறையில் மட்டும் அது தாராளமாக வருகிறது. நம்பிக்கைக்குரிய ஆங்கிலச் சொல் நம்பிக்கை தீர்ந்த இடத்தில்தான் வேண்டப்படுகிறது.

இவ்விடைச்சொற்கள் வருமுன் இவ்வூர் என்ன செய்தது என்று கேட்கலாம். 1957, 1962 தேர்தல்களில் சாத்தூர் தொகுதியிலிருந்து சட்டமன்றம் சென்று, 1963 அக்டோபர் வரை முதலமைச்சராக இருந்த காமராசர், மனுவோடு வந்தவர்களிடம் 'ஆகட்டும் பார்க்கலாம்' என்று சொல்வதில் பெயர்பெற்றவர். இத்தொடரில் நாள் இல்லை, எழுவாய் இல்லை. பார்க்கப்போவது யார் என்பதுகூட வெளிப்படையாக இல்லை. ஆயினும் பள்ளிக்கூடங்கள் திறந்தன, மதிய உணவு வந்தது. மேற்கூறிய விதி தலைகீழாகவும் மெய்ப்படுவதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. உறுதி குறைந்த தொடர் உறுதியான பலன் தந்திருக்கிறது. அவர் 'கன்ஃபார்மா செஞ்சிரலாம்' என்று சொல்லியிருந்தால் மனுதாரர்களுக்குக் கலக்கம் பிறந்திருக்கும்.

புறனடை: இவ்விதிகள் யாவும் பணம் கொடுக்க வேண்டியவர் பேச்சுக்கே பொருந்தும். வாராவட்டி வசூலிக்க வருபவர் 'நாளைக்கு வர்றேன்' என்று மொட்டையாகச் சொல்கிறார், வந்தும் விடுகிறார்.