ரூட் மாமா

ரூட் மாமா இந்த வருஷமும் கிளம்பவில்லை. காரணம் வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை. ஊர் உலகத்துக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் மாமா போடுகிற பாரத யாத்திரைத் திட்டத்தில் ஆக்ரா சுற்றிச் சுற்றி வெள்ளிக்கிழமையில்தான் வந்து நிற்கும். எறணாகுளத்தில் மங்களா எக்ஸ்பிரஸ் ஏறினால் நடுவில் இரண்டு ராத்திரி, மூன்றாம் நாள் டில்லி. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், கிளம்பக் கூடாது. வியாழன் அல்லது வெள்ளி ஏறினால், டில்லி பார்க்க வைத்திருக்கும் இரண்டு நாளில் ஒன்று திங்கட்கிழமையாகிவிடும். செங்கோட்டை மூடல், தாமரைக் கோயிலும் மூடல். ஞாயிறு ஏறினால் செவ்வாய் இறங்கி அன்று இடுப்பு வலிக்கு ஓய்வு, புதனும் வியாழனும் டில்லி, மறுநாள் ஆக்ரா. மறுநாள் என்ன கிழமை என்று விரல் விட்டுப் பார்த்துக்கொள்ளவும். திங்கள் ஏறினால் ஆக்ரா சனிக்கிழமைக்குத் தப்பிவிடுகிறது. ஆனால் பிரயாகை, காசி, கயா முடித்துக் கொல்கத்தா போய்ச் சேரும்போது மறுபடியும் திங்கள். விக்டோரியா நினைவகமும் இந்தியன் மியூசியமும் அன்றைக்குத் திறப்பதில்லை. அங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் பூரி தள்ளும், பூரி தள்ளினால் ஹைதராபாத் வெள்ளிக்கிழமை ஆகும், சாலார்ஜங் மியூசியத்துக்கு வாராந்திர விடுமுறை வெள்ளி.

மிச்சம் இருப்பது சனிக்கிழமை. அன்று ஏறினால் எல்லாம் அச்சு அசலாகப் பொருந்துகிறது. ஆனால் சனிக்கிழமை மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை எமகண்டம். மாமாவின் கணக்குப்படி வண்டி நகர்வது அதற்குள்ளேதான்.

"வெள்ளிக்கிழமையானா என்ன? யமுனைக்கு அக்கரையில மேஹ்தாப் பாக்குன்னு ஒரு தோட்டம் இருக்காமே. அங்கேருந்து பார்த்தா தாஜ்மகால் நன்னா தெரியுமாம்" என்று மாமி ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"தூரத்துலேருந்து பார்க்கறதுக்கு ஆக்ரா எதுக்கு? காலண்டர் போறுமே."

மாமா வேலை பார்த்தது பஜார் ரோட்டில், ஒரு மிளகு மண்டியில், கணக்கெழுத்து. மட்டாஞ்சேரி மிளகு என்றால் சும்மா இல்லை. 1957லேயே யூதத் தெருவில் முன்பேர வியாபாரம் தொடங்கி, விலை சொல்லித் தொண்டை கிழியக் கூவிய ஊர். ஆறு மாதம் கழித்து வரப்போகிற சரக்குக்கு இன்றைக்கே விலை பேசுகிற தொழிலில் நாற்பது வருஷம் இருந்தவருக்கு, போகாத பயணத்தைப் போய் வந்த மாதிரி எழுதுவது கைவந்த கலை. மண்டியிலிருந்து ஓய்வு பெறும்போது எழுதாத பேரேடு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். சிவப்புத் துணி அட்டை. பற்று, வரவு என்று அச்சடித்த பத்திகளில் இப்போது புறப்பாடு, வருகை. இருப்பு என்ற இடத்தில் கிலோமீட்டர். ஓரமாகப் பென்சிலில் குறிப்புகள்: 'ஸ்டேஷன் ஓய்வறை உண்டு', 'இங்கே தயிர் சாதம் கிடைக்காது', 'ஜன்னல் இடது பக்கம்'. ஒவ்வொரு பக்கமும் குறுக்கே கோடு போட்டு அடித்து, கீழே தேதியும் சுருக்கொப்பமும். கணக்கில் அழித்து எழுதக் கூடாது, அடித்துத்தான் எழுத வேண்டும். தொழில் தர்மம்.

கிழமையை ஒருவாறு சரிக்கட்டினாலும் மாதம் விடாது. ஜனவரியில் வடக்கே மூடுபனி, வண்டிகள் மணிக்கணக்கில் தாமதம். ஜனவரி பிப்ரவரியில் பிரயாகையில் மாக மேளா. 2025இல் மகா கும்பமேளாவே வந்து பிப்ரவரி 26 வரை நடந்தது, அந்த வருஷம் பேரேட்டைத் திறக்கவே இல்லை. மார்ச் முடிந்தால் வெயில். ஜூனில் கொங்கண் பாதைக்கு மழைக்கால அட்டவணை வந்துவிடும், வண்டிகள் வேகம் குறைத்துப் போகும், அதுவரை எழுதிய புறப்பாடு வருகை எல்லாம் செல்லாது. அது முடிகிற சமயம் கொல்கத்தாவில் துர்கா பூஜைக் கூட்டம். பிறகு தீபாவளி. பிறகு சபரிமலை சீசன், ஆந்திராவிலிருந்து வரும் சாமிகளுக்கே ரயிலில் இடமில்லை. டிசம்பரில் பியன்னாலே தொடங்கினால், அதாவது 2012இலிருந்து விட்டு விட்டு நடக்கும் அந்தக் கலைக் கண்காட்சி தொடங்கினால், மட்டாஞ்சேரி கிடங்குகளிலெல்லாம் வெள்ளைக்காரர்கள். அவர்களுக்கு வழி சொல்ல மாமா ஊரில் இருந்தாக வேண்டும்.

உண்மையில் அதுதான் அவருடைய உத்தியோகம். யூதத் தெரு முனை டீக்கடையில் சாயங்காலம் உட்கார்ந்திருப்பார். மூன்று வாரத்தில் இந்தியா பார்த்துவிடுவது என்று முதுகுமூட்டையோடு வருகிறவர்கள் எப்படியோ அவர் கண்ணில் பட்டுவிடுவார்கள். அரண்மனை வாசலில் வெள்ளிக்கிழமை வந்து பூட்டைப் பார்த்து நிற்பவர்கள் என்றால் அவருக்குத் தனிச் சந்தோஷம். மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் வெள்ளிதான் விடுமுறை. "விசாரிக்காம வரலாமோ?" என்று இங்கிலீஷில் கடிந்துகொண்டே கூட்டி வந்து உட்காரவைப்பார். "நாளைக்கு வரலாம்னு நினைக்காதே, நாளைக்கு சனிக்கிழமை, சினகாக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ரெண்டையும் சேர்த்துப் பாரு. சினகாக் 1568இல கட்டினது, தரையில சீன ஓடு, செருப்பைக் கழட்டிட்டுப் போகணும். சரி, உன் ரூட்டைக் காட்டு."

ரூட்டைக் காட்டினால் முடிந்தது. ஒரு பெண் கோவா, ஹம்பி, உதய்ப்பூர், ஜெய்ப்பூர், ஆக்ரா, காசி, டார்ஜிலிங் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் டார்ஜிலிங் போய்விடும். "மூணு வாரத்துக்கு ஏழு ஊர் ஜாஸ்தி, கேட்டியா?" ஹம்பிக்கு ஹோஸ்பேட்டையில் இறங்க வேண்டும், கோவாவுக்கு மட்காவ், தத்காலில் ஏசி வகுப்புக்குக் காலை பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. எதையும் புத்தகம் பார்த்துச் சொல்ல மாட்டார். ஆக்ராவை அவளுக்கு வியாழக்கிழமையில் கொண்டுபோய் நிறுத்துவார், ஒரே மூச்சில். டீக்கடைக்காரர் செல்போனில் இப்படிப் போனவர்கள் திரும்ப அனுப்பிய படங்கள் இருக்கின்றன: தாஜ்மகாலுக்கு முன்னால் ஒரு ஜோடி, அஸ்ஸி கட்டத்தில் ஒரு தாடிக்காரர். எல்லாரும் 'அங்கிளுக்குக் காட்டுங்கள்' என்றே எழுதியிருக்கிறார்கள். மாமா படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, "வெயில் சாய்ஞ்ச பக்கம் பார்த்தா நாலு மணி இருக்கும். காலம்பற ஆறு மணிக்குப் போகச் சொன்னேனே" என்பார். இந்த இடத்தில் அவரைப் பிடிக்காமல் இருப்பது கஷ்டம்.

ஊரில் இன்னொரு வகையும் இருந்தது. எறணாகுளத்தில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் நடத்திய விஜயனும் அவர் மனைவி மோகனாவும். காபி டீ விற்ற காசில் தினம் 300 ரூபாய் ஒதுக்கி, போதாததற்குக் கடன் வாங்கிப் போய், திரும்பி வந்து கடையைத் திறந்து அந்தக் கடனை அடைத்து, மறுபடி கிளம்பியவர்கள். 2007இல் இஸ்ரேல் போனதில் ஆரம்பித்து 26 நாடுகள். கடைசியாக 2021 அக்டோபரில் ரஷ்யா. அடுத்த மாதம் விஜயன் காலமானபோது நாடு முழுக்கப் பத்திரிகைகள் எழுதின. அந்தச் செய்தியை மாமி வாசித்துக் காட்டினாள். வாசித்துவிட்டு மாமாவைப் பார்த்தாள்.

"ரஷ்யாவுக்கு அக்டோபர்லயா போவா? குளிருமே!" என்றார் மாமா.

அவரிடம் 2020 பற்றி மட்டும் கேட்கக் கூடாது. அந்த ஏப்ரலில் டிக்கெட்டே எடுத்தாயிற்று என்றும், மார்ச்சில் ரயில்கள் நின்றதால்தான் எல்லாம் போயிற்று என்றும் சொல்வார். டிக்கெட்டைப் பார்த்த சாட்சி எவரும் கிடையாது. அதே மார்ச் 20ஆம் தேதி மூத்த குடிமக்கள் சலுகையும் நின்றது: ஆண்களுக்கு 40 சதவீதம், பெண்களுக்கு 50. அது திரும்பி வரட்டும் என்று ஒரு காத்திருப்பு. முன்பதிவுக் காலத்தை 2024 நவம்பரிலிருந்து 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்ததில் இன்னொரு துக்கம். அறுபது நாளில் ஒரு மனுஷன் என்ன திட்டம் போட முடியும்?

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஒன்று சிரிப்பதற்கில்லை. ரூட் மாமாக்கள் டிக்கெட் எடுக்காதவர்கள் என்று நினைக்க வேண்டாம். முன்பதிவு திறக்கிற அன்று காலை எட்டு மணிக்கு முதல் ஆளாக எடுப்பார்கள். இரண்டு கீழ்ப் படுக்கை. மறுவாரம் திட்டம் மாறும், இன்னொரு தேதிக்கும் எடுப்பார்கள், எது தேறுமோ என்று இரண்டையும் வைத்திருப்பார்கள். ஆதார் இணைத்த கணக்கில் மாதம் 24 டிக்கெட் வரை போடலாம் என்பதை ரயில்வே யாருக்காகச் செய்ததோ, இவர்கள் தங்களுக்கென்றே எடுத்துக்கொண்டார்கள். போதாவிட்டால் மாப்பிள்ளையின் கணக்கு இருக்கிறது. கடைசி வாரத்தில் ஒவ்வொன்றாக ரத்து. ஸ்லீப்பர் என்றால் ஆளுக்கு 120 ரூபாய் பிடித்துக்கொண்டு பாக்கி வந்துவிடும், பேரேட்டில் 'இதர செலவு' என்று ஏறிவிடும். ஆனால் அந்த இரண்டு மாதமும் அந்தப் படுக்கைகள் நிரம்பியதாகவே கணக்கு. டில்லியில் படிக்கிற பெண்ணும், அங்கே ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்த நோயாளியும் வெயிட்டிங் லிஸ்டில் எண்பதாவது ஆளாக நின்று, சார்ட் போடுகிற வரை செல்போனைப் பார்த்துப் பார்த்து உயிரை விடுகிறார்கள். இது பொழுதுபோக்கு அல்ல, அடுத்தவர் இடத்தில் துண்டு போட்டு வைப்பது. இதை மாமாவிடம் நேரே சொன்னால், "அவா முன்கூட்டியே திட்டம் போட்டிருக்கணும்" என்பார்.

மாமியின் விஷயத்துக்கு வருவோம். கல்யாணத்தன்று குடையும் கைத்தடியுமாகக் காசி யாத்திரை கிளம்பிய மாப்பிள்ளையை அவளுடைய அப்பா வாசலில் மறித்துத் திரும்ப அழைத்து வந்தார். மாமா இதுவரை போன காசி யாத்திரை அது ஒன்றுதான். கூப்பிடாமல் விட்டிருக்கலாம் என்று மாமி நினைத்ததுண்டு. அவளுக்கு டில்லியும் வேண்டாம் ஹைதராபாத்தும் வேண்டாம். வருஷக்கணக்காக ராதா கல்யாணத்திலும் சனிக்கிழமை பஜனையிலும் விட்டலனைப் பாடிப் பாடிக் கை தட்டியவள். பண்டரிபுரம் ஒன்றுதான் கேட்டாள்.

சிக்கல் அங்கேதான். ரயில்வேயில் சுற்றுப் பயண டிக்கெட் என்று ஒன்று உண்டு. கிளம்பிய ஸ்டேஷனிலேயே வந்து முடிய வேண்டும். தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்குக் கட்டணம் குறைந்துகொண்டே போகும், தனித்தனியாக எடுப்பதைவிடக் கணிசமான மிச்சம். நடுவில் இறங்கி ஏற எட்டு இடம் அனுமதி. மாமாவின் பட்டியலில் டில்லி, ஆக்ரா, பிரயாகை, காசி, கயா, கொல்கத்தா, பூரி, ஹைதராபாத், பண்டரிபுரம். ஒன்பது. ஒன்றை எடுக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் எது அடிபட்டது என்று பேரேட்டைப் புரட்டினால் தெரியும். சிவப்பு மசியில் ஒரே ஊரின் பேர்.

போன கார்த்திகையில் பஜனை மண்டலி பண்டரிபுரம் கிளம்பியது. மாமி பேர் கொடுத்தாள். மாமாவிடம் சொன்னது முந்தின நாள் ராத்திரி, தயிர் சாதம் பிசைகிற நேரத்தில். கன்யாகுமரியிலிருந்து புனே போகிற வண்டியில் எறணாகுளத்தில் ஏறி, சோலாப்பூரில் இறங்கி, அங்கிருந்து எழுபது சொச்சம் கிலோமீட்டர் பஸ். என்ன கிழமை, எந்தப் பக்கம் சூலம், யாரும் பார்க்கவில்லை. மாமாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் இல்லை. மறுநாள் முழுக்க வண்டி எங்கே இருக்கிறது என்று செல்போனில் பார்த்துப் பார்த்து மாமிக்குச் செய்தி சொன்னார்: பாலக்காடு விட்டாச்சு, நாற்பது நிமிஷம் லேட்டு, ரேணிகுண்டாவில் இட்லி வாங்காதே, குண்டக்கல்லில் தண்ணி பிடிச்சுக்கோ. ரெய்ச்சூர் வந்தபோது மாமி போனை அணைத்துவிட்டாள்.

திரும்பி வந்தவள் துளசி மாலையும் பொட்டலத்தில் புக்காவும் எடுத்து வைத்துவிட்டு, விட்டலன் காலைத் தொட்டுத் தலை வைத்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். மாமா பேரேட்டோடு வந்து உட்கார்ந்தார். சோலாப்பூர் ஸ்டேஷனில் எத்தனையாவது பிளாட்பாரம், பஸ்ஸுக்கு எவ்வளவு, வரிசையில் எத்தனை மணி நேரம் நின்றாய்? அவளுக்குத் தெரியவில்லை. "நின்னோம். பாடிண்டே இருந்தோம்" என்றாள். மாமா அந்தப் பத்தியைக் காலியாக விட்டார். பிறகு திடீரென்று முகம் மலர்ந்தது.

"வீட்டுல ஒருத்தர் பார்த்தாச்சுன்னா பார்த்த கணக்குத்தான். பண்டரிபுரம் போச்சு. இப்போ சரியா எட்டு!"

சுற்றுப் பயண டிக்கெட்டுக்கு விண்ணப்பம் அன்றே எழுதியாயிற்று. தேதி மட்டும் போடவில்லை. இதற்கிடையில் மண்டலி அடுத்தபடியாகப் பூரிக்குப் போகிறதாம், மாமி மறுபடியும் பேர் கொடுத்திருக்கிறாள். பட்டியலில் ஓர் இடம் காலியாகிறதே, அதில் துவாரகையைச் சேர்க்கலாமா என்று மாமா யோசித்துக்கொண்டிருக்கிறார். சேர்த்தால் ரூட் முழுவதையும் மேற்கேயிருந்து திருப்பிப் போட வேண்டும்.