வண்டி நல்ல வண்டிதான், மருமவனே

ஓட்டிப் பாத்துட்டு வந்ததுலேர்ந்து ஒன் முகத்துல ஒரு தெளிச்சம் தெரியுது மருமவனே. பொண்ணு பாத்துட்டு வந்த அன்னைக்குக்கூட இந்தத் தெளிச்சம் இல்ல. இத நான் வீட்டுல சொல்லல, நீயும் சொல்லிராத.

கவாசாகி நிஞ்ஜா 1100 எஸ்எக்ஸ். நாலு சிலிண்டரு, 1,099 சிசி, 136 குதிரை. என்னலே முழிக்க, செல்போனு எங்கிட்டயும் இருக்குல்லா. எறங்கின சூட்டோட அட்வான்ஸ் கட்டவா மாமான்னு கேக்க. தாராளமாக் கட்டு. ஆனா வண்டிய ஓட்டிப் பாத்தேன்னு மட்டும் ஊருக்குள்ள சொல்லித் திரியாத. ஷோரூம்காரன் ஒன்னயத்தான் ஓட்டிப் பாத்திருக்கான்.

எங்க ஓட்டின? நாலுவழிச் சாலையில, விடியக்காலம், லாரி வரத்து இல்லாத நேரம். பின்னால ஆளில்ல, பெட்ரோலும் அவன் போட்டது. அந்த மாதிரி ரோட்டுல என் எக்ஸெல் மொபெட்டுகூட பாட்டுப் பாடிட்டுப் போவும்.

முத்துக்குளிச்ச கரையில பொறந்தவனுக்கு இதச் சொல்லிக் குடுக்கணுமா? சலாபம்னா முத்துக்குளிப்பு, அத அறிவிக்கதுக்கு முந்தி அதிகாரிமாரு குளியாளுகளக் கூட்டிக்கிட்டுக் கடலுக்குள்ள சிப்பி கெடக்க பாருக்குப் போவாங்க. அங்ஙன ஒரு எடம் இங்ஙன ஒரு எடம்னு ஆயிரக்கணக்குல சிப்பி எடுத்து, கரையில போட்டு அழுகவிட்டு, நாத்தத்தப் பொறுத்துக்கிட்டுக் கழுவுவாங்க. தேறின முத்துக்கு விலை போட்டுப் பாத்த பெறகுதான் இந்த வருசம் சலாபம் உண்டு, இல்லன்னு பேச்சு. அத்தன பாத்து நடத்தியும் 1961ஓட தூத்துக்குடிச் சலாபம் முடிஞ்சு போச்சு. நீ என்னடான்னா அழுகவிடாமலே விலை போட்டுட்டு வந்து நிக்க.

குளியாளு முங்கயில மேல கயிறு பிடிக்கவன் பொண்டாட்டி கூடப்பொறந்த மச்சானா இருக்கணும்னு ஒரு வழக்கம் சொல்லுவாங்க. கயிற விட்டா தங்கச்சி தாலி போயிரும், அந்தப் பயத்துல கண் அசரமாட்டான். ஷோரூம்ல ஒனக்குக் கயிறு பிடிச்ச பய யாரு? மாசக் கடைசிக்குள்ள இத்தன வண்டி தள்ளணும்னு அவனுக்கு மேல ஒருத்தன் கயிறு பிடிச்சுக்கிட்டு நிக்கான்.

அதனால இன்னொரு தடவ போ. இந்தத் தடவ எஞ்சின ஸ்டார்ட் பண்ணாத. ஏறி ஒக்காந்து, ரெண்டு காலையும் ஊனி, வண்டியப் பின்னால தள்ளு. எடை 238 கிலோ, ரிவர்ஸ் கியர் கெடையாது. சிமெண்டுத் தரையில தள்ளிட்டேன்னு சிரிக்காத, நம்ம தெரு முக்குல மணலு. ராத்திரி சைடு ஸ்டாண்டு போட்டு நிப்பாட்டினா பைய எறங்கிக்கிட்டே இருக்கும். விடியக்குள்ள கெழக்க தல வச்சுப் படுத்திருக்கும். தூக்க நாலு பேரு வருவான், வராமப் போவமாட்டான். ஆனா நாலு பேரும் போட்டோ எடுத்து முடிச்ச பெறகுதான் கை குடுப்பான்.

பெறகு ஒங்கம்மாவ ஏத்து. சேலையோட அந்தப் பின்சீட்டுல ஏறி ஆத்தூர் வரைக்கும் வரட்டும். எங்கக்கா குத்தம் சொல்லுத ஆளில்ல. எறங்கினதும் சேலையச் சரி பண்ணிக்கிட்டு, "திரும்பிப் போவ பஸ்சு எத்தன மணிக்குடே?"ன்னு கேட்டான்னா ஒனக்குப் பதிலு கெடச்சாச்சு. அப்படியே முக்காணி பக்கம் மத்தியான வெயில்ல பஸ்சுக்குப் பின்னால ஊர்ந்து பாரு. நாலு சிலிண்டர் சூட்டையும் ஃபேனு தள்ளி ஒன் தொடைக்கு அனுப்பும். கப்பல் எஞ்சின் ரூமுல ஆறு மாசம் வெந்துட்டு வாரவன், லீவுலயும் காசு குடுத்து வேகணுமா?

வேகத்துக்குன்னு சொல்லாத. நாலுவழிச் சாலையிலயே ரெண்டு சக்கரத்துக்குச் சட்டம் விட்டிருக்கது மணிக்கு 80. மிச்சக் குதிரைக்கெல்லாம் லாயத்துல கட்டிப்போட்டுத் தீனி வைக்கணும்.

தீனின்னதும் கணக்கு ஞாபகம் வருது. 2024 டிசம்பர்ல எறக்கினப்ப ஷோரூம் விலையே 13,49,000. பெறகு 2025 செப்டம்பர் 22லேர்ந்து 350 சிசிக்கு மேல போனா ஜிஎஸ்டி 40 சதவீதம், அதுக்குள்ளன்னா 18. நம்ம சர்க்காருக்கு ரோட்டு வரி 12 சதவீதம், அதுவே ஒண்ணரை லட்சத்தத் தாண்டுது. வெறும் மூணாம் நபர் இன்சூரன்சே அஞ்சு வருசத்துக்கு 15,117. ஓசூர்ல செய்யுத அப்பாச்சி ஆர்ஆர் 310ன்னா 312 சிசி, இதுல பாதி பாரம் கொறையும். சொன்னா ஒனக்கு ருசிக்காது, விடு.

இதுல ஒரு வேடிக்கை. கவாசாகிக்காரன் 1878ல கப்பல் பட்டறை போட்டுப் பொழப்ப ஆரம்பிச்சவன். நீ கப்பல்ல சம்பாதிச்சத கப்பக்காரன் கையிலயே திருப்பிக் குடுக்கப் போற. அவன் நோட்டீசக் காட்டி, "அச்சுல போட்டிருக்கு மாமா"ங்க. பாதிரியார் அண்டிரிக் அடிகளார் காலத்துல, 1586ல, அடியார் வரலாறுங்க புத்தகம் நம்மூர்லதான் அச்சாச்சுன்னு படிச்சவங்க சொல்லுதாங்க. அச்சப் பாத்து மலைச்சுப் போறதுக்கு நமக்கு என்னலே புதுசா?

சரி, வாங்கிட்ட. கப்பலுக்குப் போயிட்ட. ஆறு மாசம் இது என்னத்தச் செய்யும்? உப்புக் காத்துல போல்ட்டு ஒவ்வொண்ணா பூக்கும், செயின் செவக்கும், பேட்டரி செத்துரும். இப்ப வார பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அர டேங்க்ல விட்டுட்டுப் போனா காத்துல இருக்க ஈரத்தக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கும். டேங்க நெறச்சு வைக்கணும், பேட்டரி வயரக் கழட்டணும், நல்லதண்ணியில கழுவித் தொடச்சு எண்ண போடணும். தரைய ஒசத்திக் கொட்டகையும் போடணும். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாளுல 95 சென்டிமீட்டர் கொட்டினப்ப இந்தப் பக்கம் தெருவுல ஓடினது வள்ளந்தான்.

இந்தத் தொல்லையெல்லாம் இல்லாம ஒரு வழி இருக்கு. வாரத்துக்கு ரெண்டு நாளு பக்குவம் தெரிஞ்ச ஆளா ஒருத்தன் எடுத்து, பைய திருச்செந்தூர் வரைக்கும் ஓட்டிட்டு வந்தாப் போதும். பய புள்ளைககிட்ட குடுத்துராத, கெடுத்துருவானுவ. அந்த ஆளு யாருன்னு நீயே யோசி. நான் லைசென்சப் புதுப்பிச்சுட்டேன். ஹெல்மெட்டு மட்டும் பெரிய சைசா வாங்கு, ஒங்க வீட்டு ஆம்பளைகள மாதிரி எனக்குச் சின்னத் தல இல்ல.