பென்சில் சீவிய வாசம்

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் ஒரே எண்ணெயின் வாசம். செனாய் இரவுச் சந்தையில் 'சீடர்வுட்' என்று சின்னக் குப்பி ஒன்று நன்றாக விற்றிருக்கிறது போலிருக்கிறது. வாங்கிய பிறகு யோசிப்பது நம் மரபு, யோசித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

கே: குப்பியைத் திறந்ததும் ஒன்றாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. பென்சில் சீவின மாதிரியே வாசம். ஏமாந்துவிட்டேனா? (செனாய்)

ப: உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா சீடர் 19ஆம் நூற்றாண்டில் பென்சிலுக்கென்றே வெட்டப்பட்ட மரம். மரவேலையில் மிஞ்சும் சீவலையும் தூளையும் நீராவியில் வடித்தால் கிடைப்பதுதான் அந்த எண்ணெய். ஆகவே எண்ணெயில் பென்சில் வாசம் வரவில்லை, பென்சிலில்தான் எண்ணெய் வாசம் வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த மரம் சீடரே அல்ல. ஜூனிப்பர் குடும்பத்துப் பிள்ளை. அசல் சீடர்கள் வேறு: மொரோக்கோ, அல்ஜீரியா மலைகளில் அட்லஸ் சீடர், லெபனான் கொடியில் நிற்கும் லெபனான் சீடர், இமயமலையில் தேவதாரு. பெயரை முதலில் வைத்தவர் வாசத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்க்கவில்லை.

இன்னொரு குட்டையையும் கிளறிவிடுகிறேன். நம் மலேசியாவின் ஜெலுத்தோங் மரத்திலும் பென்சில் செய்வார்கள். சூயிங்கத்துக்குப் பால் கொடுத்த அதே மரம். உங்கள் ஒன்றாம் வகுப்புப் பென்சில் எந்த மரம் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

கே: அப்படியானால் என்னிடம் இருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (கூலாய்)

ப: குப்பியின் முதுகில் பொடி எழுத்தில் லத்தீன் பெயர் இருக்க வேண்டும். 'ஜூனிப்பரஸ் வர்ஜினியானா' என்றால் பென்சில். 'செட்ரஸ் அட்லாண்டிகா' என்றால் அட்லஸ். 'செட்ரஸ் தியோடாரா' என்றால் தேவதாரு. லத்தீனே இல்லாமல் மலைப் படமும் மானும் மட்டும் இருந்தால், நீங்கள் வாங்கியது படம்.

வாசத்திலும் வேறுபாடு உண்டு. வர்ஜீனியா வகை உலர்ந்தது, சுத்தமானது; செட்ரால், செட்ரீன், துஜாப்சீன் என்பவை அதன் முக்கியச் சரக்கு. அட்லஸும் தேவதாருவும் கொஞ்சம் பிசின், கொஞ்சம் இனிப்பு, லேசான பழைய பெட்டி வாடை. அவற்றில் மிகுந்திருப்பவை ஹிமச்சலீன்கள். பெயரிலேயே இமயம் ஒளிந்திருக்கிறது.

காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு, கறை நின்றால் கலப்படம் என்று ஒரு சோதனை சொல்வார்கள். எலுமிச்சை எண்ணெய்க்கு அது ஓரளவு சரி. இந்த எண்ணெய் ஆவியாக நாள் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதற்குள் சந்தைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

கே: என் பாட்டி மருந்துக்கடைப் பட்டியலில் 'தேவதாரு' என்று சொல்லுவார். இதுதானா அது? (ஸ்கூடாய்)

ப: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இமயத்துத் தேவதாரு சித்த, ஆயுர்வேத மருந்துகளில் பழைய ஆள். ஆனால் தமிழ்நாட்டு வறண்ட காடுகளிலும் இலங்கையிலும் 'தேவதாரம்' என்று ஒரு சிறு மரம் இருக்கிறது. செம்புளிச்சான் என்றும் சொல்வார்கள். அது கோக்கா செடியின் சொந்தக்காரன். கட்டை மணக்கும் என்பதால் சந்தனத்தோடு கலந்து விற்றவர்களும் உண்டு. போதாதென்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளை அகிலை ஆங்கிலத்தில் 'வெள்ளை சீடர்' என்கிறார்கள். அது வேம்புக் குடும்பம்! உலகத்தில் வாசமுள்ள கட்டை எதுவானாலும் வெள்ளைக்காரருக்கு சீடர், நமக்குத் தேவதாரு.

அசல் தேவதாரு எவ்வளவு உறுதி என்று கேட்டால், மணாலியில் 1553இல் கட்டிய ஹிடிம்பை கோயிலைப் பாருங்கள். ஸ்ரீநகர் படகு வீடுகளும் அந்த மரம்தான். அதன் எண்ணெய்ப் பசை பூச்சியையும் பூஞ்சணத்தையும் அண்டவிடாது.

கே: நான் வீட்டிலேயே வாசனைத் திரவியம் கலக்கிறேன். எலுமிச்சை, மல்லிகை எல்லாம் பத்து நிமிடத்தில் ஓடிவிடுகின்றன. (செனாய்)

ப: அவை விருந்தாளிகள். வீட்டுக்காரர் ஒருவர் வேண்டும். சந்தனம், வெட்டிவேர், சீடர் போன்ற கனமான எண்ணெய்கள் மெதுவாக ஆவியாகி, மற்றவற்றையும் கொஞ்சம் பிடித்து வைக்கும். அடிமணம் என்பது அதுதான். கன்னோசியில் அத்தர் வடிப்பவர்கள் பூவின் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவதும் இதே கணக்கு. சந்தனம் விலை ஏறியபின் சீடர் ஏழையின் வீட்டுக்காரர்.

அடியில் மட்டுமே கிடந்த சீடரை நடுவீட்டில் உட்கார வைத்தது 1992இல் ஷிசைடோ நிறுவனம் வெளியிட்ட 'ஃபெமினிதே து புவா' என்ற வாசனைத் திரவியம். ஆண்பிள்ளை வாசம் என்று ஒதுக்கியிருந்த கட்டையைப் பெண்களுக்குக் கொடுத்தார்கள்.

நம் ஊர் வெக்கையில் எந்த வாசமும் இரட்டிப்பாகக் கிளம்பும். பாரிஸ் அளவில் பாதி போதும். விடியற்காலைத் தொழிற்சாலைப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் சாபம் பொல்லாதது.

கே: முடி கொட்டுகிறது. தலையில் தேய்க்கலாமா? (ஜொகூர் பாரு)

ப: ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 86 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 1998இல் வெளியானது. சீடர், ரோஸ்மேரி, லாவெண்டர், தைம் நான்கையும் ஹொஹோபா, திராட்சை விதை எண்ணெய்களில் கலந்து 7 மாதம் தினமும் தலையில் தேய்த்தார்கள். தேய்த்தவர்களில் 44 சதவிகிதம் பேருக்கு முன்னேற்றம். வெறும் எண்ணெய் தேய்த்தவர்களில் 15. துள்ளிக் குதிக்காதீர்கள். அவர்களுக்கு இருந்தது புழுவெட்டு. உங்களுக்கு அப்பாவிடமிருந்து வந்த வழுக்கை என்றால் இந்த ஆய்வு உங்களைப் பற்றியதே அல்ல. நான்கில் சீடரின் பங்கு எவ்வளவு என்றும் அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

தேய்த்தே தீருவேன் என்றால், 30 மி.லி. தேங்காய் எண்ணெய்க்கு 6 சொட்டு. அது ஒரு சதவிகிதம். முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு நாள் பூசிப் பாருங்கள். நேராகக் குப்பியிலிருந்து தலைக்குக் கவிழ்க்க வேண்டாம். குடிக்கவும் வேண்டாம், இதையும் எழுதவேண்டியிருக்கிறது, காலம் அப்படி.

கே: இதை முகர்ந்தால் தூக்கம் வருமா?

ப: செட்ராலை முகர்ந்தவர்களுக்கு இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று இறங்கின என்று ஜப்பானில் ஆய்வாளர்கள் 2003இல் எழுதினார்கள். செட்ரால் கணிசமாக இருப்பது வர்ஜீனியா வகையில். அட்லஸ் குப்பியை வைத்துக்கொண்டு தூங்கினால் பெருமை உங்கள் களைப்புக்கு.

கே: எங்கள் வீட்டுப் பூனைக்கு இந்த வாசம் பிடிக்கவில்லை.

ப: பூனை சொல்வதைக் கேளுங்கள். இத்தகைய எண்ணெய்களைச் செரித்து வெளியேற்றும் வசதி அதன் ஈரலுக்குக் குறைவு.

கே: நானே கலந்து, குப்பியில் அடைத்து விற்றால்?

ப: தங்கைக்குப் பரிசாகக் கொடுத்தால் அன்பு. விலைக்குக் கொடுத்தால் அழகுசாதனம். தேசிய மருந்தக ஒழுங்குமுறை அமைப்பிடம் முன்கூட்டியே அறிவித்து எண் பெற வேண்டும். 'மூட்டுவலி தீரும்' என்று ஒட்டுத்தாளில் எழுதினால் அது மருந்தாகிவிடும், தலைவலி உங்களுக்கு.

கே: நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசருக்கு உதவியாளாக இருந்தவன். எங்கள் மேசையிலும் ஒரு சீடர்வுட் குப்பி இருந்தது. அதை யாரும் முகர்ந்து பார்த்ததாக நினைவில்லை. (செனாய்)

ப: ஐயா, அந்தக் குப்பி முகர்வதற்கே அல்ல. கெட்டியாக்கிய சீடர் எண்ணெய் ஒளியை வளைக்கும் அளவு கண்ணாடியின் அளவோடு ஏறக்குறைய ஒன்று; 1.515 பக்கம். நுண்ணோக்கியின் லென்ஸுக்கும் இரத்தத் தடவலுக்கும் நடுவில் ஒரு சொட்டு விட்டால் ஒளி சிதறாமல் நேரே ஏறும். ஜெர்மனியில் நுண்ணோக்கி செய்த ஆபேயும் ஸைஸும் 1878இல் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். கிருமி ஆய்வாளர் காக் அதை வைத்துக் கிருமிகளைப் பார்த்தார். ரப்பர்த் தோட்டங்களில் குளிர்காய்ச்சல்காரர்களின் விரலில் குத்தி எடுத்த இரத்தத்தில் மலேரியாக் கிருமியைக் காட்டிக்கொடுத்ததும் இதே சொட்டுதான். அதன் ஒரே கெட்ட குணம், துடைக்காமல் விட்டால் லென்ஸில் பிசினாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சைலீனோடு மன்றாட வேண்டும். அப்படித் துடைக்காமல் சாயங்காலம் வீட்டுக்குப் போனது யார் என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை.